ஒரே கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்குவது ஏன்?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 20 வயது. கல்லூரிக் கைப்பந்து அணியில் மிடில் பிளாக்கராக (நெட்டுக்கு முன்னால் நடுவில் நின்று எதிரணி அடிக்கும் பந்தைத் தடுப்பவராக) ஆடுகிறேன். லீவு நாட்களில் பக்கத்து ஊர்களில் நடக்கும் மின்னொளிப் போட்டிகளுக்கும் போவேன். போன வருடம் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணி அட்டாக்கரின் பாதத்தின் மேல் என் வலது கால் விழுந்து, உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு 10 நாள் ஓய்வெடுத்தேன். பாட்டி சொன்னதால் சுளுக்கு எடுப்பவரிடமும் போனோம். வலி போனதும் ஆடத் தொடங்கிவிட்டேன். 3 மாதம் கழித்து ஹாஸ்டல் படியில் இறங்கும்போது அதே கால் மடங்கியது. இப்போது மூன்றாவது முறை, யாரும் இடிக்காமலே, பயிற்சியில் குதித்து இறங்கும்போது. 5 வாரம் ஆகிறது. வலி பெரிதாக இல்லை, ஆனால் மேடுபள்ளத்தில் நடந்தால் கால் நழுவுகிற மாதிரி இருக்கிறது. கோச் சொன்னபடி தினமும் ஒற்றைக் காலில் நிற்கிறேன். ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க முடிகிறது. அப்படியும் ஏன் மடங்குகிறது? ஜவ்வு நிரந்தரமாகப் போய்விட்டதா? ஆங்கிள் சப்போர்ட் போட்டே ஆடினால் கால் இன்னும் பலவீனமாகும் என்கிறார்களே, உண்மையா? இன்னும் 10 வாரத்தில் பல்கலைக்கழகப் போட்டி வருகிறது. வீட்டில் விளையாட்டே வேண்டாம் என்கிறார்கள்.
ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை அம்மா அப்பாவிடம் இன்றைக்கே காட்டலாம். விளையாட்டை விடவேண்டிய நிலை இது இல்லை. ஆனால் இதுவரை செய்ததுபோல, வலி போனதும் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் நான்காவது முறையும் மடங்க வாய்ப்பு அதிகம். வலி போவதற்கும் கோர்ட்டுக்குப் போவதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை என்று கடிதத்தைப் படித்ததும் புரிந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க முடிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். மூன்று முறையில் ஒரு முறைகூட உங்கள் கால் நிற்கும்போது மடங்கவில்லை. இரண்டு முறை குதித்து இறங்கும்போது, ஒரு முறை படி இறங்கும்போது. நிற்பதற்குப் பழகிவிட்டீர்கள், இறங்குவதற்குப் பழகவில்லை. கோச் சொன்னது சரியான பயிற்சிதான். அது முதல் கட்டம். அதற்கு மேலே இன்னும் மூன்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன.

காலுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கணு எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கேதான் வெளிக்கணு எலும்பையும் அதற்கு உள்பக்கம், இரண்டு கணுக்களுக்கும் நடுவே இருக்கிற டேலஸ் எலும்பையும் இணைக்கிற ஜவ்வு இருக்கிறது. பாதம் உள்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது அதுதான். அடி பலமாக இருந்தால் குதிகால் எலும்புக்குப் போகிற அடுத்த ஜவ்வும் சேர்ந்து பாதிக்கப்படும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. 'முறிவு இல்லை' என்றால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும்தான் பொருள். நம் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டதும் 'வெறும் சுளுக்குதான்' என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிழிந்த ஜவ்வு ஓரளவு உறுதி பெறவே 6 வாரத்திலிருந்து 3 மாதம் வரை ஆகும். நீங்கள் 10 நாளில் குதித்தீர்கள்.

டேலஸ் எலும்பின் மேல்பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி இரண்டு கணுக்களுக்கும் நடுவில் வந்து இறுக்கமாக உட்காரும். விரல்களைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வந்து, மூட்டு தளர்ந்துவிடும். குதித்து இறங்கும்போது எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது? விரல்கள். படி இறங்கும்போதும் அப்படித்தான். உங்கள் கால் மடங்கிய மூன்று தருணங்களும் மூட்டு மிகவும் தளர்வாக இருக்கிற தருணங்கள்தான். ஹாஸ்டல் படியில் நடந்ததைக் கவனக்குறைவு என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜவ்வு எலும்புகளைக் கட்டிவைப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று அவை மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜவ்வு கிழியும்போது அந்த முனைகளும் சேதமாகின்றன. பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் ஃப்ரீமேன் 1965-லேயே இதை எழுதினார். சுளுக்கு ஆறிய பிறகும் கால் 'நழுவுவது' இந்தத் தகவல் குறைவதால்தான் என்றும், ஆடுகிற பலகையில் நின்று பழகினால் அது சரியாகும் என்றும் அவர் சொன்னார். இன்று எல்லா ஜிம்மிலும் கிடக்கிற வாபிள் போர்டு விளையாட்டு வீரர்களின் கணுக்காலுக்கு வந்தது அந்த வழியில்தான். பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் விரித்தன. மூட்டில் மட்டும் பிரச்சினை இல்லை, மூளை அந்தக் காலை இயக்குகிற விதமே மாறிவிடுகிறது. நழுவுகிற கணுக்கால் உள்ளவர்களுக்குச் சாதாரணமாக நடக்கும்போதுகூட, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. தரைக்கு வரும்போதே தப்பான கோணத்தில் வருகிறது என்று அர்த்தம்.

இது ஏன் முக்கியம் என்றால், தரையைத் தொட்ட பிறகு திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கால் மடங்கி முடிந்துவிடுகிறது. காலின் வெளிப்பக்கம் ஓடுகிற பெரோனியல் தசைகள்தான் மடங்குகிற பாதத்தை வெளியே இழுத்துப் பிடிக்கவேண்டியவை. ஆபத்தை உணர்ந்து அவை இறுகிப் பலன் தருவதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும். எனவே அவை காற்றில் இருக்கும்போதே இறுகி, பாதத்தைச் சரியான கோணத்தில் வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். பேருந்து பிரேக் போட்ட பிறகு கம்பியைப் பிடிப்பவருக்கும் முன்பே பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அசையாமல் நிற்கிற பயிற்சியில் இந்த முன்னேற்பாடு வராது. இறங்கி இறங்கித்தான் வரும்.

இன்னொன்று, கண். காலிலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டால் உடம்பு அந்தக் குறையைக் கண்ணால் ஈடுகட்டிக்கொள்கிறது. நீங்கள் ஒரு நிமிடம் நின்றபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அநேகமாக எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை. கோர்ட்டில் உங்கள் கண் பந்தின்மேலும் அட்டாக்கரின் தோள்மேலும் இருக்கும், தரையை யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வெறுங்காலில், வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள். அப்புறம் இடது காலில். வலது பக்கம் சில நொடிகளிலேயே கணுக்கால் ஆடி, மற்ற காலை ஊன்றிவிட்டீர்களானால், அந்த ஒரு நிமிடத்தை இத்தனை நாள் கண்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

சுளுக்கு எடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பாட்டிமேல் எனக்கு வருத்தமில்லை, அன்பினால் சொன்னார். ஆனால் புதிதாகக் கிழிந்த ஜவ்வை எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும், 'சொடக்கு' வரும்வரை இழுப்பதும் நல்லதல்ல. ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும், கிழிசல் பெரிதாகலாம். முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வைப்பது, மிதமாகக் கட்டுப்போடுவது, வலி தாங்குகிற அளவுக்கு மெல்ல ஊன்றி நடப்பது, இவைதான் வேண்டும். அந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இனி உங்களுக்கோ அணியில் வேறு யாருக்கோ மடங்கினால், எக்ஸ்ரே தேவையா என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் உருவாக்கிய ஒரு எளிய விதிமுறை இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். உள்கணு அல்லது வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலி, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்துகிற எலும்பில் வலி, உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பில் வலி, அல்லது நான்கு அடி ஊன்றி நடக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். வளர்கிற வயதுப் பிள்ளைகளாக இருந்தால் சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், எலும்பு வளர்கிற இடத்தில் அடிபட்டிருக்கலாம்.

நீங்களும் பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு முறை எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் காட்டிவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. மூட்டுக்கு உள்ளே ஆழமான வலி, திடீரென்று மாட்டிக்கொண்டு அசையாமல் போவது, வாரக்கணக்காக வடியாத வீக்கம், வெளிக்கணுவுக்குப் பின்னால் நரம்பு மாதிரி ஏதோ ஒன்று எலும்பைத் தாண்டிக் குதிப்பது, கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகளும் சேருமிடத்தில் வலி, பாதத்தில் மரத்துப்போவது. இவற்றில் எது இருந்தாலும் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் கீழே எழுதியிருப்பதை அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்யவேண்டும்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால், ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அளந்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும். முதலில் சுவர் அளவு: பாதத்தைச் சுவரை நோக்கி வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் தொட முடிகிறது என்று கட்டைவிரலிலிருந்து சுவர்வரை அளக்கவேண்டும். இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வலது கணுக்கால் இன்னும் விறைப்பாக இருக்கிறது. விறைத்த கணுக்கால் இறங்கும்போது மடங்கி அதிர்ச்சியை வாங்காது. அடுத்து நீட்டல் அளவு: வலது காலில் நின்று, இடுப்பில் கை வைத்து, முட்டியை மடக்கி, இடது காலால் முன்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நீட்டித் தரையை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும். பிறகு கால் மாற்றி. அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், முன்பக்க நீட்டலில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் காலில் காயம் ஏற்படும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. கடைசியாக, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழுசாகத் தூக்கி இறக்குவது எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 25 நல்ல இலக்கு.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரம் அடிப்படை. சுவர் அளவு குறைவாக இருந்தால் அதையே பயிற்சியாக, முட்டியை மெல்ல முன்னே தள்ளிச் செய்யுங்கள். குதிகால் தூக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே போகும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். கட்டைவிரலின் அடிமேடு தரையை விட்டு எழும்பவே கூடாது. மடங்கிப் பழகிய காலில் எடை வெளிப்பக்கம் ஓடத்தான் பார்க்கும், அங்கேதான் அடுத்த சுளுக்கு காத்திருக்கிறது. பெரோனியல் தசைகளுக்கு எலாஸ்டிக் பேண்ட் வாங்கவேண்டும் என்றில்லை. பழைய சைக்கிள் டியூப் போதும். கட்டில் காலில் கட்டி, பாதத்தின் வெளிப்பக்கம் மாட்டி, பாதத்தை வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது மூன்று எண்ணிக்கையில் மெதுவாக விடுங்கள், டியூப் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அதையே விரல்களைக் கீழே நீட்டிய நிலையிலும் செய்யவேண்டும், ஏனென்றால் மடங்குவது அந்த நிலையில்தான். 15 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குகிற இடுப்புப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு சரிந்தால் அதன் கணக்கைக் கணுக்கால்தான் தீர்க்கவேண்டியிருக்கும்.

ஒற்றைக் காலில் நிற்பதை நிறுத்தவேண்டாம், கடினமாக்குங்கள். வெறுங்காலில் நின்று கூரையைப் பாருங்கள். தலையை இடமும் வலமும் திருப்புங்கள். தோழி எறிகிற பந்தைப் பிடித்து விரல் நுனியால் செட் செய்து திருப்பிக் கொடுங்கள். மடித்த பாய், தலையணை, கிடைத்தால் வாபிள் போர்டு. கண்ணை மூடிச் செய்யும்போது மட்டும் சுவர் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து அசைவு. முன்பு அளந்த நீட்டல்தான், இப்போது முன்னே, பின்பக்கம் வலது மூலை, பின்பக்கம் இடது மூலை என மூன்று திசைகளில். பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து ஒற்றைக் காலில் நிற்பது. படியிலிருந்து மிக மெதுவாக ஒற்றைக் காலால் இறங்கி மறு குதிகாலால் தரையைத் தொட்டுத் திரும்புவது. ஹாஸ்டல் படி இதற்கு நல்ல இடம், கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும். இந்தக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் என்று தாவிவிடாதீர்கள். இரண்டு வாரமாவது வேண்டும்.

பிறகுதான் இறங்குதல். இதை யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தால் போனில் வீடியோ எடுத்துச் செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு படி உயரத்திலிருந்து இரண்டு காலாலும் இறங்கி, அப்படியே சிலைபோல மூன்று நொடி நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முட்டி மடங்கி, முட்டி கட்டைவிரலுக்கு நேராக. சத்தத்தைக் கேளுங்கள். 'தொப்' என்று கேட்டால் விறைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறீர்கள். சத்தம் குறையக் குறைய மூட்டுகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். வீடியோவை மெதுவாக ஓட்டி, தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய படத்தில் நிறுத்திப் பாருங்கள். வலது பாதத்தின் அடிப்பகுதி இடது பக்கத்தைப்போலத் தட்டையாகத் தரையைப் பார்க்கிறதா, உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் அந்தக் கோணம்தான் திருத்தவேண்டியது. காற்றில் இருக்கும்போதே சுண்டுவிரல் பக்கத்தைச் சற்றே மேலே தூக்குகிற எண்ணத்தோடு இறங்கிப் பாருங்கள். முதலில் செயற்கையாக இருக்கும். தொடர்ந்து செய்தால் யோசிக்காமலே வரும்.

அது அமைந்ததும் ஒற்றைக் காலில் இறங்கி நிற்பது. அப்புறம் முன்னால் குதித்து, பக்கவாட்டில் குதித்து, கால்வட்டம் திரும்பி. அப்புறம்தான் கண்ணை எடுக்கவேண்டும். தோழி பந்தை உயரப் போட, அதைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். அதன் பிறகு நெட்டுக்கு முன்னால் நிஜ பிளாக், பக்கவாட்டில் இரண்டு எட்டு ஓடிவந்து குதிப்பது, காற்றில் இருக்கும்போது பக்கத்துப் பிளாக்கர் தோளால் லேசாக இடிப்பது. மிடில் பிளாக்கருக்குப் பெரும்பாலான குதிப்புகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே நடப்பவை, உடம்பின் வேகம் முழுவதும் வெளிப்பக்கக் காலில் இறங்கும். நேராகக் குதித்து நேராக இறங்குவதில் மட்டும் தேர்ச்சி பெற்றால் போதாது. கடைசிக் கட்டமாக இதையே பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது ஐந்து நிமிடம் செய்யுங்கள். களைத்த காலில் கட்டுப்பாடு குறையும். மின்னொளிப் போட்டிகளில் நள்ளிரவு தாண்டி மூன்றாவது ஆட்டம் ஆடும்போது உங்கள் கால் இருக்கிற நிலை அதுதான்.

எந்தக் கட்டத்திலும் மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் ஒரு கட்டம் பின்னே வாருங்கள். பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். குத்துகிற வலி கூடாது.

'வீட்டில் செய்தால் பலன் இருக்குமா?' என்று தோன்றலாம். நெதர்லாந்தில் புதிதாகக் கணுக்கால் சுளுக்கு வந்த 522 விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினர் அதோடு சேர்த்து 8 வாரம், வாரம் மூன்று நாள், மேற்பார்வை இல்லாமல் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருடத்தில் முதல் பிரிவில் 33 சதவீதம் பேருக்கும், பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும் மீண்டும் மடங்கியது. பயிற்சி செய்தவர்களிலும் சிலருக்கு மடங்கியது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் செலவே இல்லாத ஒரு காரியத்துக்கு இது பெரிய பலன். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

உங்கள் ஆட்டத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. நார்வே கைப்பந்து அணிகளில் 1990-களில் செய்த ஆய்வுகளில், கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் நெட்டுக்குக் கீழே, எதிரணி அட்டாக்கர் அல்லது பக்கத்துப் பிளாக்கரின் பாதத்தில் இறங்கும்போது என்று கண்டார்கள். உங்கள் முதல் விபத்து அச்சுப்பிசகாமல் அதேதான். விதிப்படி நடுக்கோட்டைத் தாண்டிப் பாதத்தின் ஒரு பகுதி போகலாம், மீதி கோட்டின் மேல் இருந்தால் ஃபவுல் கிடையாது. ஆகவே இரண்டு பக்கத்துப் பாதங்களும் ஒரே இடத்தில் வந்து விழுவதை நடுவரால் தடுக்க முடியாது. நார்வேக்காரர்கள் குதிக்கிற, இறங்குகிற நுட்பத்தையும் பலகைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கணுக்கால் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. உங்கள் கோச்சிடம் இதைப் பேசிப் பாருங்கள். அட்டாக்கர்கள் நெட்டை நோக்கி முன்னால் பாயாமல் நேர் மேலே எழும்பப் பழகினால் எதிரணிப் பிளாக்கரின் காலும் தப்பும், அவர்கள் காலும் தப்பும். இரண்டு பேர் சேர்ந்து பிளாக் போடும்போது யார் எங்கே இறங்குவது என்று பேசிவைத்துப் பழகுங்கள். பயிற்சியில் ஸ்பைக் அடிக்கும்போது உருண்டு வருகிற பந்துகளைப் பொறுக்க ஒருவர் நிற்கட்டும். பந்தின் மேல் இறங்கிக் கால் போனவர்கள் நிறைய.

ஆங்கிள் சப்போர்ட் விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. விளையாடும்போது அதைப் போடுவதால் தசை பலவீனமாகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து அணிகளில் 2011-ல் வெளியான ஆய்வில், லேஸ் கட்டுகிற வகை பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் போடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கவனியுங்கள், லேஸ் கட்டுகிற வகை, அல்லது இரு பக்கமும் கெட்டித் தகடு வைத்தது. மெடிக்கல் ஷாப்பில் சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் துணி கதகதப்பாக இருக்கும், ஆனால் மடங்குகிற பாதத்தைப் பிடித்து நிறுத்தாது. காசு குறைவு என்றால் டேப் ஒட்டக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ஆட ஆட டேப் தளர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டவேண்டும். ஒரு சீசன் கணக்குப் பார்த்தால் பிரேஸ்தான் மலிவு. உங்கள் நிலையில் குறைந்தது ஒரு வருடம், ஆட்டத்திலும் குதிக்கிற பயிற்சியிலும் போடுங்கள். மேலே சொன்ன சமநிலைப் பயிற்சிகளை மட்டும் வெறுங்காலில் செய்யுங்கள்.

ஜவ்வு நிரந்தரமாகப் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நேரில் கையால் அசைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும். தளர்ந்திருந்தாலும் நல்ல தசையும் பழகிய இறக்கமும் இருந்தால் பெரும்பாலானவர்கள் தொல்லையில்லாமல் ஆடுகிறார்கள். உண்மையாக 3 முதல் 6 மாதம் பயிற்சி செய்தும் கால் நழுவிக்கொண்டே இருந்தால், ஜவ்வை இழுத்துத் தைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் 1960-களில் எழுதிய முறையின் திருத்தப்பட்ட வடிவம், நன்றாகத் தேறிய சிகிச்சை. அதற்குப் பிறகும் இதே பயிற்சிகளைத்தான் செய்யவேண்டும். அதனால் இப்போதே அதை நினைத்துத் தூக்கம் கெடவேண்டாம்.

பல்கலைக்கழகப் போட்டி. உங்களுக்கு 10 வாரம் இருக்கிறது, பயிற்சிக்கு 8 வாரம் போதும், எனவே கணக்கு இடிக்கவில்லை. ஆனால் தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், காலை வைத்து எடுங்கள். எட்டாவது வார முடிவில் நோட்டை எடுத்து மறுபடி அளங்கள். சுவர் அளவில் வித்தியாசம் 2 செ.மீ.க்குள், முன்பக்க நீட்டலில் 4 செ.மீ.க்குள் வந்திருக்க வேண்டும். குதிகால் தூக்குவது இரு காலிலும் ஏறத்தாழ சமம். அப்புறம் தரையில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதை 10 முறை செய்து நேரம் பாருங்கள். வலது காலின் நேரம் இடது காலை ஒட்டி வரவேண்டும், நடுவில் ஒரு முறைகூட 'நழுவுகிறது' என்ற உணர்வு வரக்கூடாது. இத்தனையும் சரியென்றால், கடைசி இரண்டு வாரம் முழுப் பயிற்சி ஆட்டங்களில் பிரேஸோடு ஆடிவிட்டுப் போட்டிக்குப் போங்கள். ஒன்று குறைந்தாலும் கோச்சிடம் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். முதல் சுற்றுகளில் உட்கார்ந்துவிட்டு, பின்வரிசையில் சில புள்ளிகள் மட்டும் ஆடுவது போன்ற வழிகளை அவர் யோசிக்கலாம். அதுவரை மின்னொளிப் போட்டிகளுக்குப் போகவேண்டாம், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேடுபள்ளமான மண்தரை, கம்பத்து விளக்கின் நிழல், தூக்கக் களைப்பு மூன்றும் சேர்கிற இடம் அது. அடுத்த சீசனில் தாராளமாக ஆடலாம்.

எட்டு வாரம் கழித்து இந்த அளவுகளை இரண்டு காலுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், தரையைத் தொடுவதற்கு முந்தைய அந்தப் படத்தையும் சேர்த்து. பார்த்துச் சொல்கிறேன்.